கால்வாய்க்குக் கிழக்கே ஒரு விளக்கு

அன்பு மாப்பிள்ளை கலியபெருமாளுக்கு,

என் தங்கை விஜயாவைக் கட்டுவதற்கு முன்பிருந்தே நீ எனக்குச் சிநேகிதன். அதனால் இப்போதும் "நீ" என்றே எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் பொறுத்துக்கொள். அந்த எட்டாவதில் நான்தான் முதல் மாணவன் என்று சொன்னபோதெல்லாம் நீ சிரிப்பாயே, அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாகிறது?

போன சனிக்கிழமை, கால்வாய்க்குக் கிழக்கே இருக்கும் நம் ஓவியக் காலரியில் திறப்பு நாள். காலரியை நடத்தும் மதாம் அதைப் பிரெஞ்சில் வெர்னிசாஜ் என்பார். நீ இல்லாமல் போகக் கால் எழவில்லை. ஆனால் நாம் போகாமல் அவர்கள் எப்படித் திறப்பார்கள்? என்னைக் கேட்காமல் அங்கே ஒரு ஆணிகூட அடிக்க மாட்டார்கள் என்பது ஊரறிந்த விஷயம்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை என்றால் உனக்குத் தீபாவளி. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து சாரத்தில் இருக்கும் வீட்டுக்கு ஓடிவந்து, குளித்து, வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு என் மொபெட்டின் பின்னால் ஏறுவாய். வாசலில் நான் எடுத்துவிடும் பிரெஞ்சில் மதாமே அசந்துபோவார். பிறகு குத்துவிளக்கு. வழக்கமாக வருகிறவர்களில் ஒருவரை மதாம் கூப்பிட்டு முதல் திரியை ஏற்றச் சொல்வார். அதற்கப்புறம்தான் உள் கதவு திறக்கும்.

உள்ளே போனதும் திராட்சை ரசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நான் எல்லாப் படங்களுக்கும் விளக்கம் சொல்வேன், கேட்டவருக்கும் கேட்காதவருக்கும். நீயோ ஒரே படத்தின் முன்னால் நின்றுவிடுவாய். "ஒரு நாளைக்கு ஒரு படம் போதும் மச்சான்" என்பாய். அந்த ஒன்றை வீட்டுக்குப் போய் விஜயாவுக்குச் சொல்வாய். அவள் ஒருநாளும் வந்ததில்லை. நீ சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே சோறு போடுவாள்.

உன்னைத் தூக்கிக்கொண்டு போன நாளுக்குப் பிறகு அவள் வாசல் தாண்டவில்லை. அழவும் இல்லை, மாப்பிள்ளை. அதுதான் எனக்குப் பயம். போன மாதத் திறப்பு நாளுக்கு மறுநாள் நான் போய் உட்கார்ந்ததும், "என்னா படம்ணா வச்சிருந்தாங்க?" என்று கேட்டாள். இருபது படத்தையும் அளந்துவிட்டேன்.

"அவரு ஒண்ணு சொல்வாரு, கண்ணுல தெரியும். நீ இம்மாம் சொல்ற, ஒண்ணும் தெரியலண்ணா" என்றாள்.

அப்போதே முடிவு செய்தேன், இவளைக் கூட்டிக்கொண்டு போவதென்று. துணைக்கு வந்து தங்கியிருக்கும் உன் அக்காதான் மறித்தார். "எந்தம்பி போயி வருஷம் திரும்பல, அதுக்குள்ள படம் பாக்கப் போறாளா? நல்லாருக்குது ஒங்க வூட்டு ஞாயம்!"

"சினிமா இல்லக்கா, செவுத்துல மாட்டற படம். அது ஆடாது, பாடாது" என்று சொல்லி வண்டியைக் கிளப்பிவிட்டேன்.

மதாம் விஜயாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நேரே குத்துவிளக்குப் பக்கம் அழைத்துப் போனார். "இன்னிக்கு நீங்க ஏத்தணும். அவர் நம்ம ஆளு இல்லையா?"

விஜயா கையை இழுத்துக்கொண்டாள். "வேணாம்மா. நான் ஏத்தக் கூடாது."

பின்னாலிருந்து ஒரு பெரிய மனிதர், "வேற யாராச்சும் சுமங்கலியாப் பாருங்களேன்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். எல்லோருக்கும் கேட்டது. மதாம் கையில் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. விஜயா தலையைக் குனிந்து வாசலைப் பார்த்தாள். அப்படியே வெளியேறினால் பிறகு எந்த வாசலையும் தாண்ட மாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

வாயைத் திறந்தேன். "எங்க வூட்டு வழக்கம் ஒங்களுக்குத் தெரியாது சார். கவர்னர் காலத்துலேருந்து, புருஷன் போன பொம்பளதான் எங்கள்ல சபை வெளக்க ஏத்தணும். எங்க பாட்டன் தொரைமாரு முன்னாடியே ஏத்த வச்சாரு. வேற கை பட்டா ஆவாது!"

அப்படியொரு வழக்கம் எங்கே இருந்தது? எங்கள் அப்பா போன பிறகு அம்மா எந்த விளக்கையும் தொட்டதில்லை. உன் கல்யாணத்திலேயே முகூர்த்த நேரத்தில் சமையல்கட்டில்தானே நின்றிருந்தார்? நீயும் பார்த்தாய். விஜயாவும் பார்த்தாள்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்பிடியாண்ணா?"

"ஆமாம்மா. ஒனக்கு மறந்துபோச்சு."

 அவள் கையை நீட்டி மெழுகுவர்த்தியை வாங்கினாள்.  திரி உடனே பிடிக்கவில்லை. மறுபடி காட்டினாள், பிடித்தது. கதவு திறந்தது. அந்தப் பெரிய மனிதரும் உள்ளே வந்து என்னிடம் ஒரு படத்துக்கு விளக்கம் கேட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

திரும்பும்போது கடற்கரைச் சாலையில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். பாறைகளைப் பார்த்தபடி நின்று அழுதாள், மாப்பிள்ளை. இத்தனை மாதத்து அழுகை. நான் பேசாமல் பக்கத்தில் நின்றேன். நான் பேசாமல் நின்றேன் என்றால் நீ நம்புவாயா?

வீட்டு வாசலில் உன் அக்கா நின்றிருந்தார். நான் ஒரு கதைக்கு மூச்சு இழுப்பதற்குள் விஜயா முந்திக்கொண்டாள். "வெளக்கேத்திட்டு வரேன் அண்ணி. எங்க அம்மா வூட்டு வழக்கம்." உன் அக்கா வழியை விட்டு நகர்ந்தார்.

நான் இதுவரை சொன்னதில் முக்கால்வாசி காற்றோடு போயிருக்கும். இந்த ஒன்றைப் போகவிட மாட்டேன். என் பெண்டாட்டி லட்சுமியிடம், நான் கண்ணை மூடிய பிறகு நம் குடும்பத்து நல்ல காரியங்களில் அவள்தான் விளக்கேற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டேன். "மொதல்ல மாத்திரையப் போடு" என்றாள். என் பையன்களிடமும் சொல்லியாயிற்று. உன் மகள் கல்யாணத்தில் பந்தலுக்கு நடுவே நின்று விஜயாதான் முதல் திரியை ஏற்றுவாள். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. யாராவது முணுமுணுத்தால் வழக்கத்தை எடுத்துச் சொல்ல நான் பக்கத்திலேயே நிற்பேன்.

உன் பிள்ளைகளின் தாய்மாமன்,
ஏழுமலை