நீல மட்டைக் கொப்பியைத் திறந்து காட்டச் செய்தல்

அனுப்புபவர்:
திருமதி கிறிஸ்ரி அன்ரோனெற்,
கோயிலடி ஒழுங்கை,
தோட்டவெளி, மன்னார்.

பெறுபவர்:
பொறுப்பதிகாரி அவர்கள்,
நுகர்வோர் அலுவல்கள் பிரிவு,
மாவட்டச் செயலகம், மன்னார்.

பொருள்: உத்தரவாதக் காலத்துக்குள் இரண்டு தடவை பழுதென்று ஒப்படைக்கப்பட்ட ஜி.பி.எஸ் கருவியின் திருத்தப் பதிவைத் தர மறுத்தல் தொடர்பாகவும், அப்பதிவின் பிரதியை 30.01.2026 க்கு முன் பெற்றுத் தரக் கோருவது தொடர்பாகவும்.

கனம் ஐயா,

1. எனது கணவர் சிங்கராசா கிறிஸ்ரியும் அவரது அக்கா லூர்தம்மாவின் மகன் நிஷாந்தனும் கடற்றொழிலாளர்கள். இருவரும் இம்மாதம் 6 ஆம் திகதி முதல் தமிழ்நாட்டுச் சிறையில், மறியலில் இருக்கிறார்கள். எல்லை தாண்டி மீன் பிடித்ததாக வழக்கு. "அன்ரோனெற் கடைக்காரரிட்ட நட்டஈடு கேக்கப் போறாவாம்" என்று ஊரில் ஒரு கதை உலாவுவதால், முதலே சொல்லிவிடுகிறேன். எனக்கு நட்டஈடு வேண்டாம். கருவியின் விலையும் வேண்டாம். நான் கேட்பது ஒரு கொப்பியின் இரண்டு பக்கங்களின் பிரதி மட்டுமே.

2. மன்னார் நகரில் உள்ள நீலமணி இலத்திரனியல் கடையில் 21.12.2024 அன்று கையடக்க ஜி.பி.எஸ் கருவி ஒன்றை வாங்கினோம். உத்தரவாதம் ஒரு வருடம் (பற்றுச்சீட்டு இணைப்பு 1). ஆனால் அதை உடனே பாவிக்கவில்லை. எங்கள் கரையில் புதுச் சாமான் எதையும், வலையாகட்டும் எஞ்சினாகட்டும், செபஸ்தியார் திருநாளில் குருவானவர் மந்திரித்துத் தீர்த்தம் தெளிக்காமல் கடலுக்குக் கொண்டுபோவதில்லை. ஆகவே அக்கருவி முப்பது நாட்கள் எங்கள் வீட்டில் மாதா சுரூபத்தின் கீழே, ஒட்டிய ஒட்டுக்கூட உரியாமல் பெட்டிக்குள் இருந்தது. 20.01.2025 அன்றுதான் மந்திரித்துப் படகில் பூட்டினோம். அன்று மந்திரிக்கப்பட்ட படகுகளையும் சாமான்களையும் பங்குத்தந்தை கோயில் பதிவில் எழுதியுள்ளார் (இணைப்பு 2).

பெட்டியைத் திறக்காவிட்டாலும் உத்தரவாத நாள் ஓடிக்கொண்டிருக்கும் என்பது எங்களுக்குத் தெரியாது ஐயா. அது எங்கள் பிழைதான், ஒப்புக்கொள்கிறேன்.

3. கருவியின் குறைபாடு இதுதான். படகு நகரும், ஆனால் திரையில் படகின் அடையாளம் நகராது. கடைசியாக நின்ற இடத்திலேயே நிற்கிறோம் என்று காட்டிக்கொண்டிருக்கும். கருவியை நிறுத்தி மறுபடி போட்டால் சரியாகிவிடும், பிறகு எப்போது அடையாளம் அசையாமல் நிற்கும் என்று தெரியாது. முற்றாகப் பழுதாகிய கருவி இதைவிட எவ்வளவோ மேல். அது செத்துவிட்டது என்றாவது தெரியும்.

4. இதற்காக 2025 மார்ச் மாதம் ஒரு தடவையும், ஒக்ரோபர் 11 ஆம் திகதி இன்னொரு தடவையும் நானே கருவியைக் கடைக்குக் கொண்டுசென்றேன். இரண்டு தடவையும் உத்தரவாதக் காலத்துக்குள்தான். அங்கு வேலை செய்யும் விஜிதா என்னும் பிள்ளை என் கண்முன்னே நீல மட்டைக் கொப்பி ஒன்றில் திகதியையும் "படகு ஓடும்போது இடம் மாறுது இல்லை" என்ற முறைப்பாட்டையும் எழுதினா. திருப்பி எடுத்த நாட்களில் நான் அதே கொப்பியில் கையொப்பம் வைத்தேன். "எல்லாம் சரியாக்கியாச்சு அக்கா, இனிப் பயமில்லாமல் கொண்டு போங்கோ" என்றா. என் கையில் ஒரு துண்டுச் சீட்டுக்கூடத் தரவில்லை. நானும் கேட்கவில்லை. என் கலியாணத்துக்கு வாங்கிய மின்விசிறி முதல் எங்கள் பிள்ளையின் கைத்தொலைபேசி வரை அந்தக் கடையில்தான் வாங்கினோம். அவர்களிடம் துண்டு கேட்க வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் இன்று என் மனிசனை மறியலில் வைத்திருக்கிறது.

5. கடந்த 5 ஆம் திகதி திங்கட்கிழமை பின்னேரம் இருவரும் தொழிலுக்குப் போனார்கள். வாடைக்காற்றும் மழை மூட்டமும். வலையை விட்டுவிட்டுக் கருவியைப் பார்த்தபடி இருந்திருக்கிறார்கள். வலையோடு படகு மேற்கே இழுபட்டுப் போயிருக்கிறது. கருவியோ எல்லைக்கு இங்கால் எட்டு மைல் என்றே காட்டியிருக்கிறது. விடிந்தபோது முன்னால் நின்றது இந்தியக் கரையோரக் காவல் கப்பல். அவர்கள் வந்து ஏறும்வரை, அது நம்முடைய கடற்படை என்றே என் கணவர் நினைத்தாராம்.

6. இச்சம்பவம் நடந்தது பற்றுச்சீட்டின்படி உத்தரவாதம் முடிந்து பதினேழாம் நாள். பாவிக்கத் தொடங்கிய நாளின்படி பார்த்தால், ஒரு வருடம் முடிய இன்னும் இரண்டு கிழமை இருந்தது. எந்தக் கணக்குச் சரி என்பதைத் தாங்களே அறிவீர்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கருவிக்கு வருத்தம் உத்தரவாதக் காலத்துக்குள் வந்தது. மருந்து கொடுத்ததாகச் சொன்னவர்களும் கடைக்காரர்தான். செத்தது மட்டுமே பிறகு.

7. இந்தியாவில் எங்களுக்காக ஆஜராகும் சட்டத்தரணி, கருவியில் முன்பே இந்தப் பழுது இருந்ததற்கு எழுத்தில் ஏதாவது அனுப்பினால், வேண்டுமென்று எல்லை தாண்டவில்லை என்று நீதவானிடம் காட்டலாம் என்கிறார். அதற்காக இம்மாதம் 9, 12, 16 ஆம் திகதிகளில் கடைக்குச் சென்றேன். முதல் நாள், வொறன்ரி முடிந்துவிட்டது என்றார்கள். இரண்டாம் நாள் உரிமையாளர் திரு. சிவசுப்பிரமணியம், "மெசினைக் கொண்டு வாங்கோ, பாத்திட்டுச் சொல்லுறன்" என்றார். கருவி படகோடு சேர்த்து அங்கே சான்றுப் பொருளாக இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். கார்த்திகை வெள்ளத்தில் தண்ணீர் போயிருக்கும் என்றும் ஒரு நியாயம் சொன்னார். ஐயோ, அந்த வெள்ளத்தில் நெஞ்சளவு தண்ணீருக்குள்ளால் நான் தலையில் தூக்கிக்கொண்டு போனவை இரண்டு: பிள்ளையின் புத்தகப் பை, இந்தக் கருவி. என் உடுப்புகள்கூட மிஞ்சவில்லை.

8. மூன்றாம் நாள் நடந்ததைத் தாங்கள் கவனமாக வாசிக்க வேண்டும் ஐயா. நான் கொப்பியைக் காட்டும்படி கேட்டேன். அது மேசையிலேயே இருந்தது. அவர் அதை எடுத்து இலாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, புதுக் கருவி ஒன்றைப் பெட்டியோடு என் முன்னால் வைத்தார். "காசு ஒண்டும் வேண்டாம் தங்கச்சி, இதைக் கொண்டு போங்கோ. கடிதம் மட்டும் கேக்காதேங்கோ. தந்தால் பிழை என்ர தலையில விழும்" என்றார். அவர் கெட்ட மனிதர் அல்ல, பயந்துவிட்டார். ஆனால் படகு அங்கே கிடக்கிறது. இதை நான் அடுப்படியிலா பூட்டுவது? வைத்துவிட்டு வந்துவிட்டேன். வாசலில் விஜிதா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதா. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டா. அவவுக்கும் வேலை வேண்டுமே.

9. நேற்று முன்தினம் நீதிமன்றத் தவணைக்குக் கொண்டுவந்த இடத்தில், சட்டத்தரணியின் தொலைபேசியில் என் கணவர் நான்கு நிமிடம் கதைத்தார். வழக்கு 30 ஆம் திகதிக்குத் தள்ளப்பட்டுள்ளது. "தெரிஞ்சு தாண்டினனான் எண்டு சொன்னால் கெதியில முடியுமாம் எண்டு உள்ளுக்கு இருக்கிறவை சொல்லுகினம். நான் ஓம் எண்டு சொல்லப் போறன். பொடியனாவது வீட்டை வரட்டும்" என்றார். அப்படிச் சொன்னால் படகும் போய், தண்டனையும் வரும் என்று சட்டத்தரணி எச்சரித்திருக்கிறார். என் கணவர் கேட்கும் நிலையில் இல்லை. பக்கத்தில் நின்ற லூர்தம்மா மச்சாள் அதைக் கேட்டு நிலத்தில் இருந்தவதான், அன்று முழுவதும் எழும்பவில்லை. நானும் அழுதேன், பிறகு கோபம் வந்தது, அந்தக் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன். பிழையான சொல் ஏதும் இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

10. ஆகவே தாங்கள் தயவுகூர்ந்து,

அ. மேற்படி கடையின் திருத்தப் பதிவுக் கொப்பியை உடனடியாகப் பார்வையிட்டு, என் கையொப்பம் உள்ள இரண்டு பக்கங்களையும் பிரதி எடுத்து, தங்கள் முத்திரையுடன் உறுதிப்படுத்தித் தருமாறும்,

ஆ. தாங்கள் செல்லும் நாளுக்கு முன் அப்பக்கங்கள் கொப்பியிலிருந்து இல்லாமற் போகாதபடி பார்த்துக்கொள்ளுமாறும் மன்றாடிக் கேட்கிறேன்.

உத்தரவாதம் யாருக்கு எப்போது முடிந்தது என்ற விசாரணையை ஆறுதலாக, எத்தனை மாதம் எடுத்தும் நடத்துங்கள். நான் வந்து நிற்பேன். ஆனால் வருகிற வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளி, காலை பத்து மணிக்கு, வாழ்நாளில் ஒரு மீனைக்கூடக் கூட்டிச் சொல்லாத மனிசன் கூண்டில் ஏறி, செய்யாத குற்றத்தைச் செய்தேன் என்று சொல்லப் போகிறார். என் பேச்சை அவர் நம்பவில்லை. தங்கள் முத்திரையை நம்புவார். அவர் வாய் திறப்பதற்கு முன் அது அங்கே போய்ச் சேர வேண்டும்.

இங்ஙனம்,
தங்கள் உதவியை நாடி நிற்கும்,

(ஒப்பம்) கி. அன்ரோனெற்

இடம்: தோட்டவெளி
திகதி: 22.01.2026