தணிகாசலத்துக்காக ஒரு ஜெபச்சீட்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

தோத்திரம். கடிதம் எழுதிச் சிரமப்படுத்துவதற்கு மன்னியுங்கள். போனில் எனக்குப் பேச வராது. பக்கத்து வீட்டுச் சுகன்யாவைப் படித்துக்காட்டச் சொல்லுங்கள். முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

நான் கிளார்க் தேர்வில் தோற்றபோது, "உம் பொண்ணு படிச்சி இன்னா கிழிச்சா? நடவுக்கு இட்டுகினு வா" என்று நிலத்துக்காரர் தணிகாசலம் எல்லோர் முன்னாலும் சிரித்தாரே, அதை ஓசூருக்கு வேலைக்கு வந்தும் நான் மறக்கவில்லை. கர்த்தர் அவரைத் தண்டிக்கட்டும் என்று நினைத்து, ஞாயிறன்று சபையில் ஜெபச்சீட்டில் ஊரும் பெயரும் மட்டும் எழுதிப் போட்டேன். வெட்கத்தில் காரணம் எழுதவில்லை. பாஸ்டரம்மா யாரோ நோயாளி என்று நினைத்து, "கரையாம்புத்தூர் தணிகாசலம் ஐயாவுக்குச் சுகம் கொடுங்கப்பா" என்று மன்றாட, சபையே அழுதது. நானும் ஆமென் சொன்னேன்.

கர்த்தர் செய்தது சரிதான். அந்த ஆள் சுகமாகவே இருக்கட்டும். நான் பாஸாகி வருவதைப் பார்க்க அவருக்குக் கண் நன்றாகத் தெரிய வேண்டும்.

கம்பெனி பஸ் வந்துவிட்டது.

ரெபேக்கா

அம்மா, பழைய பேப்பர்காரரிடம் போடச் சொன்னேனே, அந்தத் தேர்வுப் புத்தகங்களை இன்னும் போடவில்லையென்றால் எனக்கு அனுப்புங்கள்.