மேடம் நம்பிய சத்தம்

மச்சா,

இன்று காலை சந்தாபுரா மளிகைக் கடையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற அம்மாள் அரைக் கிலோ ஹுருளி, நம்ம கொள்ளுதான், கேட்டாள். கடைக்காரர் கொள்ளை அள்ளித் தராசின் தகரத் தட்டில் கொட்டினார். சலசலவென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பையை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். "சார், பேக், பேக்" என்று கடைக்காரர் பின்னாலிருந்து கத்தினார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. ரிட்டயர் ஆன ஆசாமி, சர்க்கரை கிர்க்கரை ஏறிவிட்டது போல என்று நினைத்திருப்பார்.

மச்சா என்று எழுதிவிட்டேன். அந்த உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா, தெரியவில்லை. ஆபீசில் எல்லோர் முன்னாலும் நீ என்னை சார் என்பாய். நான் கால்நடை ஆய்வாளர், நீ ஆம்புலன்ஸ் வேன் டிரைவர். வேன் ஆனேக்கல் பஸ் ஸ்டாண்டைத் தாண்டியதும் மச்சா ஆகிவிடுவேன். கோபம் வந்தால் குரு. பதினாறு வருடம் அப்படித்தான் ஓடியது. உன் கடைசி இரண்டு வருடம் மட்டும் வேனுக்குள்ளேயும் நான் சார்தான்.

அந்தப் பதினொரு குதிரைகளை நாம் முதலில் பார்த்த நாள் நினைவிருக்கிறதா? ஊர் மாடுகள் மேய்வதற்கென்று அரசாங்கம் விட்டுவைத்த கோமாளா நிலம். ஒரு பக்கம் ராகி வயல், மறு பக்கம் புதிதாக முளைத்த வீட்டுமனை லேஅவுட். கல்யாண ஊர்வலத்துக்கும் ஜட்கா வண்டிக்கும் உழைத்துக் கிழடானவற்றை யார் யாரோ கொண்டுவந்து விட்டுவிட்டுப் போக, அவை அங்கேயே குட்டி போட்டுப் பெருகிய கூட்டம் அது. பாதிக்கு மேல் அங்கேயே பிறந்தவை, கயிறு என்றால் என்னவென்றே அறியாதவை. ஊர்க்காரர்கள் காட்டுக் குதிரை என்றார்கள். ராகியை மிதிக்கிறது என்று ஒரு மனு, பைக்கில் போனவன் மோதி விழுந்தான் என்று இன்னொரு மனு. பிடித்து அப்புறப்படுத்து என்று நமக்கு உத்தரவு.

நீ வேனை நிறுத்திவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாய். ஸ்ரீராம்புரத்தில் உன் அப்பா மாப்பிள்ளைக் குதிரை வைத்திருந்தவர். குதிரைச் சாணி வாசனையில் வளர்ந்தவன் நீ.

"புடிச்சு அனுப்பறது ஒரு நாள் வேலை மச்சா. அடுத்த மாசம் வேற எவனாச்சும் கொண்டாந்து விடுவான். இதுங்கள இங்கயே அளவா வச்சிருந்தா ஊருக்கும் நல்லது, இதுங்களுக்கும் நல்லது."

உன் திட்டம் எளிமையானது. ஆண் குதிரைகளுக்குக் காயடித்துவிட்டால் கூட்டம் பெருகாது. ராகி விதைத்ததிலிருந்து அறுக்கும்வரை தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தினமும் தீனி போட்டு அங்கேயே நிறுத்திக்கொண்டால் வயலுக்குப் போகாது. பஞ்சாயத்துக் கூட்டத்தில் இதை நான் கன்னடத்தில் சொன்னேன். ராகிக்காரப் பெரியவர் ஒருவர் தாடையைச் சொறிந்துகொண்டு, "ஒந்து வருஷ நோடோணா" என்றார். ஒரு வருடம் பார்க்கலாம் என்று ஊரே ஒத்துக்கொண்டது. அந்த வாக்கைக் கொடுத்தவன் நான், மச்சா. நீ இல்லை.

பிறகு அந்தச் சதுர பிஸ்கட் டப்பா. அதில் பாதிக்குக் கொள்ளைப் போட்டுக்கொண்டு தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குலுக்குவாய். கூட்டத்துக்குத் தலைவி அந்தக் காது கிழிந்த கிழப் பெட்டை. அவள் நகராமல் ஒரு குட்டிகூட நகராது. "மேடம் கையெழுத்து போட்டாத்தான் மச்சா ஃபைல் நகரும்" என்றாய். அன்றிலிருந்து அவள் மேடம்.

மேடம் கையெழுத்துப் போட நான்கு மாதம் ஆனது. நான் எட்டி எட்டிப் பார்ப்பேன். நீ அவளுக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருப்பாய். "சும்னெ ஒக்காரு குரு. நீ மொறச்சுப் பாத்தா அவ ஏன் வரப் போறா? நீ என்ன மாப்பிள்ளையா?" ஒரு நாள் உன் தோளுக்குப் பின்னால் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. உன் கண்ணில் தண்ணீர். தூசி விழுந்துவிட்டது என்று என்னிடம் புளுகினாய்.

ஒரு முறை விளையாட்டுக்கு டப்பாவில் ஜல்லியைப் போட்டுக் குலுக்கினேன். மேடம் பாதி தூரம் வந்துவிட்டாள். நீ ஓடிவந்து டப்பாவைப் பிடுங்கினாய். அன்று மதியம் தனியாகப் போய் உட்கார்ந்து சாப்பிட்டாய். கையைக் கழுவிவிட்டு வந்துதான் சொன்னாய்: "இந்தச் சத்தம் ஒரு நாள்கூடப் பொய்யாகக் கூடாது மச்சா. ஊசி போடற நாளானாலும் மொதல்ல கொள்ளு, அப்பறம்தான் ஊசி." அப்படித்தான் செய்தோம். டாக்டர் வந்து நான்கு ஆண் குதிரைகளுக்குக் காயடித்தார். ஒருவர்கூட உதை வாங்கவில்லை. அந்த வருட ராகியும் தப்பியது.

ஏழாவது மாதம் மேலிடத்திலிருந்து எனக்கு போன் வந்தது. வெள்ளிக்கிழமை லேஅவுட்டுக்குப் பெரிய மனிதர் ஒருவர் வருகிறாராம். வியாழனுக்குள் கோமாளா காலியாக இருக்க வேண்டும். "ஒரு வருஷம்னு ஊரோட பேசியிருக்கோம் சார்" என்று ஒரே ஒரு வாக்கியம் நான் சொல்லியிருக்கலாம். ஆகட்டும் சார் என்றேன். என் பெண் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். எதிர்த்துப் பேசினால் மாநிலத்தின் வடக்கு மூலையிலிருக்கும் பீதருக்குத் தூக்கி அடிப்பார்கள் என்று பயம். பயம் என்று சொன்னால் கொஞ்சம் கௌரவமாக இருக்கிறது. முதுகெலும்பு இல்லை என்பதுதான் சரி.

வியாழன் காலையில் ஐஸ் பெட்டியை உன் கையில் கொடுத்தேன். "டவுன்ல வாக்சின் வந்திருக்காம், வாங்கிட்டு வா. அர்ஜென்ட்."

"இன்னிக்கேவா? மேடம் காத்துக்கிட்டு இருப்பாளே. சரி, நீ போயி கொஞ்சம் போட்டுட்டு வந்துரு மச்சா. டப்பா மருந்து ரூம்ல இருக்குது."

சரி என்றேன். என் வாய் எப்படித்தான் அந்தச் 'சரி'யைச் சொல்லியதோ! உன் வேன் தெருமுனை திரும்பும்வரை ஜன்னலில் நின்று பார்த்தேன்.

கோமாளாவின் ஓரத்தில், பழைய கல் குவாரிப் பாதையின் இரண்டு பக்கமும் மூங்கில் தட்டி கட்டியிருந்தார்கள். அதன் கடைசியில் லாரி. லாரிக்குப் பக்கத்தில் நின்று நான் டப்பாவைக் குலுக்கினேன். மேடம் தலையைத் தூக்கினாள். இடம் வேறு, ஆளும் வேறு. கொஞ்சம் தயங்கினாள். மறுபடி குலுக்கினேன். வந்தாள் மச்சா. பின்னால் பத்தும் வரிசையாக வந்தன. அவள் என் கைக்கு முகத்தை நீட்டியபோது பின்னால் தட்டியை இழுத்து மூடினார்கள்.

அவள் வாயில் ஒரு பிடி கொள்ளுகூட நான் போடவில்லை.

அடுத்து நடந்ததை நீ பார்க்கவில்லை, அது மட்டும் நல்லது. ஆட்கள் கத்த, குதிரைகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறின. சாம்பல் நிறக் குட்டி ஒன்று தட்டியைத் தாண்டிப் பாய்ந்தது, அதன் பின்னால் இரண்டு. லாரிப் பலகையில் மேடத்தின் முன்னங்கால் சிக்கி முறிந்தது. டாக்டர் அங்கேயே ஊசி போட்டு அவள் வேதனையை முடித்தார். மற்ற ஏழும் லாரியில் போயின. ஏதோ ஆதரவு இல்லம் என்று காகிதத்தில் எழுதியிருந்தது. நான் போய்ப் பார்க்கவில்லை.

ஐஸ் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நீ நேராக அங்கேயே வந்தாய். அவள்மேல் தார்ப்பாயைப் போர்த்தியிருந்தார்கள். காது மட்டும் வெளியே தெரிந்தது. பெட்டியைக் கீழே வைத்தாய்.

"டப்பாவ எடுத்தது யாரு?"

"எனக்குத் தெரியாது" என்றேன்.

என் உள்ளங்கையில் கொள்ளுத் தூள் ஒட்டியிருந்தது. நீ என் கையைத்தான் பார்த்தாய். அடித்திருக்கலாம். அம்மா பெயரைச் சொல்லித் திட்டியிருக்கலாம். நம்ப வைத்துக் கழுத்தை அறுத்தவனுக்கு அதெல்லாம் ரொம்பக் குறைச்சல்தான். நீ தார்ப்பாயை இழுத்து அந்தக் காதையும் மூடிவிட்டுப் போனாய்.

அதன் பிறகு ஒரு மாதம் டப்பாவோடு தினமும் கோமாளாவுக்குப் போனாய். தப்பிய மூன்றும் அங்கேயேதான் திரிந்தன. நீ குலுக்கியதும் ஓடின. நீ குலுக்கியதால்தான் ஓடின. ஒரு காலையில் டப்பாவை என் மேசையில் வைத்தாய். "இனிமே இது உங்களோடது சார்." அப்போது ரூமில் நம் இருவரைத் தவிர யாரும் இல்லை.

இரண்டு வருடம் கழித்து வேனைக் கழுவிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தேன். உன் வீட்டுக்காரம்மா காபி கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அந்தக் குதிரைங்கள நெனச்சு நெனச்சே போயிட்டாரு சார். 'நாந்தான் அவளுக்கு அந்தச் சத்தத்த நம்பக் கத்துக் குடுத்தேன், நாந்தான் கொன்னுட்டேன்'னு ஒரே பொலம்பல்."

நான் காபியைக் குடித்தேன். முழுசாகக் குடித்துவிட்டு, வரேம்மா என்று எழுந்து வந்தேன். தூ, நானும் ஒரு மனுஷன்!

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கோமாளாவுக்குப் போகிறேன். பாதி நிலத்துக்குக் கம்பி வேலி போட்டுவிட்டார்கள். சாம்பல் குட்டி இப்போது வளர்ந்த பெட்டை. மற்ற இரண்டும் அவள் பின்னால்தான். சத்தம் வராமலிருக்க டப்பாவுக்குள் பழைய துண்டைத் திணித்துக் கொள்ளு கொண்டுபோவேன். தொட்டிக் கல்மேல் கொட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடப்பேன். என் ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்ட பிறகுதான் அவள் கிட்டே வருவாள். அவளுக்கு என்னால் ஆகக்கூடிய ஒரே உபகாரம் நான் கிளம்பிப் போவதுதான்.

இன்று கடையிலிருந்து வீட்டுக்குப் போய் டப்பாவை எடுத்துக்கொண்டு மெஜஸ்டிக் பஸ் ஏறினேன். அங்கிருந்து ஸ்ரீராம்புரம். உன் வீட்டுக்காரம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். போன் வந்ததிலிருந்து தார்ப்பாய் வரைக்கும் ஒன்றையும் விடாமல் சொன்னேன். கீரையை அப்படியே வைத்துவிட்டுக் கேட்டார்.

"அவருக்குத் தெரியுமா, நீங்கதான்னு?"

"தெரியும்மா."

"தெரிஞ்சும் எங்கிட்ட உங்க பேர எடுக்கல பாருங்க." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "ஆர்டர், பயம், அதெல்லாம் புரியுது சார். புள்ள குட்டிக்காரரு. ஆனா அவரு வந்து கேட்டாரே, அப்ப ஏன் தெரியாதுன்னு சொன்னீங்க? ஆமாண்டா நாந்தான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா உங்களப் போட்டு அடிச்சிருப்பாரு, சண்டையோட போயிருக்கும். ரெண்டு வருஷம் தன்னத்தானே திட்டிக்கிட்டுக் கெடந்திருக்க மாட்டாரு."

டப்பாவை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் துண்டை மட்டும் உருவி உதறி மடித்து ஓரமாக வைத்தார். டப்பாவை என் பக்கம் தள்ளினார்.

"இத உங்களுக்குத்தான குடுத்தாரு? நீங்களே வச்சிக்கங்க."

திரும்பும்போது பஸ்ஸில் டப்பா என் மடியில் இருந்தது. அடியில் நாலு கொள்ளு மிச்சம் இருந்திருக்கிறது. ஒவ்வொரு ஹம்ப்பிலும் பஸ் தூக்கிப் போட, அது குலுங்கியது. முன் சீட்டுக்காரர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். முதலில் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் விட்டுவிட்டேன் மச்சா. சந்தாபுரா வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தேன்.