தனியே பாடத் தோதான ஜப்பான் பாட்டுகள்

2014 மார்ச் 3, திங்கள்

காலையிலிருந்து மழை. கடை லீவு. ஒரு கிழமை உடுப்புத் தோய்த்துக் காயவைத்து முடிய மத்தியானம்.

நவோகோ போகிறார். 25ஆம் தேதி செவ்வாய். லீவில் இல்லை, ஒரேயடியாக. ஜப்பானில், கோபேயில் தமையனின் பாண் கடைக்கு ஆள் தேவையாம்.

நேற்று மத்தியான வியாபாரம் முடிந்து முதலாளி எல்லாரையும் நிற்கவைத்துச் சொன்னார். நான் அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். ஒப்பேரா அரங்குப் பக்கத்து இந்த ஜப்பான் சாப்பாட்டுக் கடையில் இரண்டரை வருடமாக நான் குசினியில், அவர் மேசைகளில். 23ஆம் தேதி ஞாயிறு பிரியாவிடை. “மோகன், கிட்டாரோடு ஒரு பாட்டுப் பாடு” என்றார் முதலாளி. தலையாட்டிவிட்டேன்.

பின்னேர இடைவேளைகளில் ஜப்பான் பாட்டுச் சொல்லித் தந்ததே நவோகோதான். அவர் தந்த பாட்டிலேயே அவரை வழியனுப்ப வேண்டும். நல்ல கூத்து.

தனி ஆள், ஒரு கிட்டார். எது தோது:

– மழைப் பாட்டு. கிட்டாரில் நாலு கோர்ட் பிடித்தால் போதும். நடுவில் குரல் பனை ஏறும். என் குரல் வடலிக்கு மேல் போகாது.
– ஸ்டேஷன் பாட்டு. அருமை. ஆனால் ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடுவது. தனியே பாடினால் டெலிபோனில் ஒரு பக்கம் மட்டும் கேட்கிற மாதிரி.
– சைக்கிள் பாட்டு. சுகம். சந்தோஷப் பாட்டு, என் மூஞ்சிக்கு ஒத்துவராது.
– செரிப் பூப் பாட்டு. இப்படி நூறு இருக்கிறது. எல்லாவற்றிலும் யாரோ பள்ளிக்கூடம் முடித்துப் போகிறார்கள்.
– சாவிப் பாட்டு. மூன்று கோர்ட், தாழ்ந்த சுருதி, கோரஸ் இல்லை. வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறாள் ஒருத்தி. அவளிடம் சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு, குளிர், கவனம் என்கிறான் ஒருவன்.

சாவிப் பாட்டு.

மார்ச் 4, செவ்வாய்

மழை விட்டது. இதை ஒரு இடத்திலாவது ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. வயது நாற்பத்தொன்று. கடையில் எல்லாருக்கும் நான் கல்யாணம் ஆனவன். மனைவி பெயர் வசந்தி. ஊரில், கோப்பாயில் இருக்கிறாள். தையல் தெரியும். நண்டு ஒத்துக்கொள்ளாது. இருக்கிற மனைவிகளைப் பற்றிக்கூட ஆட்களுக்கு இவ்வளவு தெரியாது.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள். பிரெஞ்சு நாலு சொல் தெரியும். குமார் அண்ணை (என் அறைக்காரர், ரூ காய் என்ற தெருவில் மரக்கறிக் கடை வேலை) சொல்லி அனுப்பிய மந்திரம்: “என்ன கேட்டாலும் உய் எண்டு சொல்லிச் சிரி. உய் எண்டவன்தான் இஞ்சை உய்வான்.” நவோகோ மேசைத் துணி மடித்தபடி ஏதோ கேட்டார். உய், அதாவது ஓம் என்றேன், சிரித்தேன். இரண்டு கிழமை கழித்து, “உங்கள் மனைவியின் பெயர் என்ன?” என்று கேட்டார். அதற்குள் கொஞ்சம் பிரெஞ்சு பிடிபட்டிருந்தது. அப்போதுதான் முன்பு எதற்கு உய் சொன்னேன் என்று விளங்கியது.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், இரண்டு கிழமையாக ஒரு சொல்லும் விளங்காமல் தலையாட்டினேன் என்பது முதலாளிக்குத் தெரியவரும். வேலை போகும். வாயில் வந்த பெயர் வசந்தி.

அந்த ஆண்டு முடிவதற்குள் நவோகோவை எனக்குப் பிடித்துப்போயிற்று. அதற்குள் வசந்திக்கு இரண்டு தங்கச்சிமார்.

25ஆம் தேதிக்கு முன் சொல்ல வேண்டும். அவர் போகாமல் இருப்பார் என்று இல்லை. பொய்யனாக அவர் மனதில் கோபேக்குப் போக எனக்கு விருப்பமில்லை. இதுவும் முழு உண்மையில்லை. இருப்பார் என்றும் ஒரு மூலையில் நினைக்கிறேன். மடையன்.

மார்ச் 6, வியாழன்

வெங்காயத்தாள் முடிந்தது. நாளைக்கு வாங்க.

பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். சனியன் பிடித்த ‘க’. எங்கே மெலிது எங்கே வலிது என்று தாள் சொல்லாது. சாவிக்குக் ‘ககி’, மெலிதாகச் சொல்ல வேண்டும். நான் அழுத்திவிட்டேன். நவோகோ மேசையில் கவிழ்ந்து சிரித்தார்.

“காதலி உங்களிடம் சிப்பியைத் திருப்பித் தருகிறாள்” என்றார் பிரெஞ்சில். “கடல் சிப்பி. சாப்பிடுவது.”

மெலிதான இடத்திலெல்லாம் சிவப்புப் பேனாவால் கோடு.

இன்னொரு சொல், கிமி. நீ என்று அர்த்தம். “கடையில் யாரையும் அப்படிக் கூப்பிட வேண்டாம். மிக நெருங்கிய ஆட்களுக்கு மட்டும்” என்றார். நாங்கள் இருவரும் பிரெஞ்சில் ‘வூ’, நீங்கள் என்பது. இரண்டரை வருடமும் வூ. ஊரில் நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி உண்டு, ‘நீர்’ படியிலாவது கொஞ்சம் நின்று பார்க்கலாம். இங்கே அதுவும் இல்லை. பாட்டில் மட்டும் அவரைப் பார்த்து நீ என்னலாம், யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். பதினொரு இடத்தில் வருகிறது.

அறையில் பழகினேன். குமார் அண்ணை கட்டிலில் படுத்தபடி:

“உது என்ன பாட்டடா, கிருமி கிருமி எண்டு? டொக்டரிட்டைக் காட்டு.”

மார்ச் 7, வெள்ளி

தொண்டை கரகரப்பு. கொத்தமல்லி அவித்துக் குடித்தேன்.

வேலைக்கு முன் ரூ பஜோல், பிள்ளையார் கோயில். அர்ச்சனைக்குப் பெயர் நட்சத்திரம் கேட்டார் ஐயர். “குடும்பத்துக்கோ?” என்றார். எனக்கு மட்டும் என்றேன். குமார் அண்ணையை விட்டால் அவர் ஒருவரிடம்தான் உண்மை சொல்லியிருக்கிறேன், அதுவும் கேட்டபடியால். பிள்ளையாரிடம் இந்தக் காரியத்தைக் கேட்பதும் வீண். அவரே கல்யாணம் கட்டாமல் இருக்கிறார்.

மார்ச் 15, சனி

வெயில். குளிர் குறையவில்லை.

இன்று சொல்ல முடிவு. இடைவேளை, நாங்கள் இருவர் மட்டும். அவர் கிட்டாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். “உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்” என்றேன். கை நின்றது. நிமிர்ந்து பார்த்தார். வசனத்தை மூன்று நாளாகப் பாடமாக்கி வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டு மேசைத் துணியை மடிக்கத் தொடங்கினேன்.

“வசந்தி சுகமா?” என்றார்.

“சுகம்” என்றேன்.

மறுபடி சுருதி சேர்த்தார். எனக்கு என்னையே அடிக்க வேண்டும் போலிருந்தது.

மார்ச் 16, ஞாயிறு

குமார் அண்ணையிடம் சொன்னேன்.

“அண்ணை, நான் அவவிட்டை உண்மையைச் சொல்லப் போறன்.”

“கலியாணம் கட்டேல்லை எண்டதையோ? பிளேனுக்கு டிக்கெட் எடுத்த மனிசிக்கு உது என்னத்துக்கு?”

“அப்ப சொல்லாமல் விடுறதோ?”

“சொல்லு, சொல்லு. வெள்ளம் வந்தாப் பிறகு அணை கட்டுற ஆள்தானே நீ.”

பிறகு, நான் கோபித்துக்கொண்டதாக நினைத்து ஒரு தேத்தண்ணி போட்டுத் தந்தார். சீனி கூடுதல்.

மார்ச் 20, வியாழன்

தாள் தேவையில்லை, பாடமாகிவிட்டது. கிட்டாரின் மூன்றாம் தந்தி மாற்ற வேண்டும். நவோகோ இன்று லீவு, பெட்டி கட்டுகிறார். அவர் இல்லாமல் கடையில் ஒருவருக்கும் என்னிடம் பேச ஒன்றுமில்லை. இனி இப்படித்தான்.

மார்ச் 23, ஞாயிறு

பாடினேன். எழுத முடியவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

விமானம் பகல் ஒன்றரைக்கு. அந்த நேரம் பன்னிரண்டாம் மேசைக்குச் சூப். இரண்டு முறை உப்புப் போட்டுவிட்டேன். திரும்பி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது. சாப்பாடு முடிந்து எல்லாரும் சுற்றி இருந்தார்கள். பாட்டைத் தொடங்கினேன். ககி சரியாக வந்தது. முதல் கிமி அவரைப் பார்த்துச் சொன்னேன். இரண்டாவது, மூன்றாவது. நாலாவதில் கண் தாழ்ந்துவிட்டது. மிச்சம் ஏழும் கிட்டாருக்குத்தான். கை தட்டினார்கள். முதலாளி தோளில் தட்டினார்: “வசந்தி கொடுத்து வைத்தவள்.” எல்லாரும் சிரித்தார்கள். நவோகோ சிரிக்கவில்லை.

குப்பை போடப் பின்வாசலுக்குப் போனேன். அவரும் போத்தல் பெட்டியோடு வந்தார். அங்கேதான் சொன்னேன். பாடமாக்கிய வசனம் எங்கோ போய்விட்டது. இருந்த பிரெஞ்சில் சொன்னேன்.

“எனக்கு மனைவி இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை.”

“தெரியும்” என்றார்.

எப்போதிருந்து என்று கேட்டேன்.

“மூன்றாம் நாளிலிருந்து. கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டேன். உய் என்றீர்கள். முகத்தில் கேள்வி விளங்காதது தெரிந்தது. நானும் வந்த புதிதில் அப்படித்தான், எல்லாவற்றுக்கும் உய்.”

“பிறகு ஏன் ஒன்றும் சொல்லவில்லை?”

போத்தல்களை ஒவ்வொன்றாகத் தொட்டிக்குள் வைத்தார். எறியவில்லை, வைத்தார்.

“உங்களுக்குக் கொஞ்சம் பிரெஞ்சு வரட்டும் என்று இரண்டு கிழமை பொறுத்தேன். பிறகு, இல்லை என்று நீங்கள் சொல்வதற்காகத்தான் மனைவியின் பெயரைக் கேட்டேன்” என்றார். “நீங்கள் கொஞ்சம் யோசித்து ஒரு பெயர் வைத்தீர்கள். என்னை வேண்டாம் என்கிறீர்கள், அதையும் மரியாதையாகச் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டேன்.”