தொப்பூர் தாண்டிடுச்சா?

தருமபுரி
12.01.2025

அன்புள்ள பிரியா,

நலமா என்று கேட்டால் உனக்குக் கோபம் வரும். கேட்காமல் இருக்க என்னால் முடியாது. நீ போனை எடுப்பதில்லை, வாட்ஸப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது. அதனால்தான் தபாலை நம்பி கடல் தாண்டி லீட்ஸ் வரைக்கும் இந்தத் தாளை அனுப்புகிறேன். உன் கண்ணுக்குச் சிரமம் வேண்டாம் என்று எழுத்தைப் பெரிது பெரிதாகப் போட்டிருக்கிறேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியதுபோல் இருந்தால் சிரித்துக்கொள்.

எங்கள் கல்லூரியில் திசுக்களைப் படிக்கும் ஹிஸ்டாலஜி வகுப்பே மாறிவிட்டது. மைக்ராஸ்கோப்புகள் உறை மாட்டிக்கொண்டு அலமாரிக்குள் போய்விட்டன. ஸ்லைடுகளை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டோம். பிள்ளைகள் போனிலேயே விரலால் இழுத்துப் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள். ரெக்கார்டு நோட்டும் திரையில்தான். ஒருவர் குறிப்பது எல்லோருக்கும் தெரியும். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஊதாவும் ரோஸும் பென்சில் சீவிச் சீவி எனக்கும் சேர்த்து நீ படம் வரைந்ததைச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். சேலத்தில் நாம் படித்த கல்லூரி கழித்துப் போட்ட ஸ்லைடுப் பெட்டியை நான் கேட்டு வாங்கி வந்தேன். அதில் நம் கல்லீரல் ஸ்லைடு இருக்கிறதடி! நடுவில் வளைந்து வளைந்து ஒரு கோடு போகுமே, அதேதான். வெட்டி ஒட்டும்போது திசு மடிந்துபோனது என்று தெரியாமல், அந்தக் கோட்டுக்கு என்ன பெயர் என்று புத்தகம் முழுக்கத் தேடினோமே. கடைசியில் நீதான் "இது தொப்பூர் கணவாய்டி" என்று பெயர் வைத்தாய்.

ஞாயிற்றுக்கிழமை சேலம் திரும்பும் பஸ்ஸில் அந்த இறக்கம் வந்தாலே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொள்வாய். "தாண்டிடுச்சாடி? தொப்பூர் தாண்டிடுச்சா?" பஸ்ஸே சிரிக்கும்.

இப்போது கலைமதி என்று ஒரு முதலாண்டுப் பெண் அந்த மடிப்பின்மேல் அம்புக்குறி போட்டு 'ரத்தக்குழாய்' என்று எழுதியிருக்கிறாள். நான் திருத்தவில்லை. நீ வந்து திருத்து. அந்தத் திரை நோட்டுக்குள் நுழைய வேண்டிய பெயரும் கடவுச்சொல்லும் பின்பக்கத்தில் இருக்கின்றன.

உன்
வெண்மதி


லீட்ஸ்
03.02.2025

வெண்மதிக்கு,

கடிதம் வந்தது. மகன்தான் படித்துக் காட்டினான். இதையும் நான் சொல்லச் சொல்ல அவன்தான் எழுதுகிறான். அவனுடைய தமிழைப் பொறுத்துக்கொள்.

வலது கண்ணில் நடுப்பார்வை போய்விட்டது. இடது கண்ணில் நேர்க்கோடெல்லாம் வளைந்து தெரிய ஆரம்பித்திருக்கிறது. வேலையை விட்டுவிட்டேன். கடைசி நாள் ஒரு ஸ்லைடை வைத்துக் குனிந்தேன். கலங்கின தண்ணீர் மாதிரி இருந்தது. இத்தனை வருடம் பார்த்து நோய் சொன்னவளுக்கு அது எந்த உறுப்பு என்றுகூடத் தெரியவில்லை. அன்றோடு சரி.

நீ நல்ல மனதோடுதான் கூப்பிடுகிறாய். ஆனால் அந்தக் கல்லீரல் என் ஞாபகத்திலாவது இன்னும் பளிச்சென்று இருக்கிறது. திரையில் பார்த்து, அதுவும் கலங்கலாகத் தெரிந்தால், பிறகு ஞாபகத்திலும் அப்படியேதான் இருக்கும். அதையும் இழக்கச் சொல்கிறாயா? இனி இதைப் பற்றி எழுதாதே.

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

பிரியதர்ஷினி


தருமபுரி
23.02.2025

அடியே பிரியா,

எழுதாதே என்றால் நான் விட்டுவிடுவேனா? முழங்கால் மாடிப்படியைக் கண்டால் மட்டும் வலிக்கிறது. மற்றபடி சௌக்கியம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். பிறகு வகுப்பறைக்குப் போய், கல்லீரலைச் சுவர்த்திரை முழுவதற்கும் பெரிதாக்கினேன். ஒரு செல் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வந்தது. குனிய வேண்டாம், ஒற்றைக் கண்ணைச் சுருக்க வேண்டாம். உன் மகனின் டிவியில் போட்டாலும் இப்படித்தான் வரும். ஓரப்பார்வையிலாவது பிடிபடுமோ என்று தோன்றியது.

உன் கண்ணுக்குத் தெரியுமா, தெரியாதா என்று எனக்குத் தெரியாது. பொய் சொல்ல மாட்டேன். தெரியாமல் போனால் என்னைக் கேள், நான் சொல்கிறேன். பஸ்ஸில் சொன்னேன் இல்லையா? கையைப் பிடித்துக்கொள்ளத்தான் முடியாது. அந்த ஒன்றுதான் எனக்கு வருத்தம்.

வெண்மதி


தருமபுரி
17.04.2025

என் பிரியாவுக்கு,

பங்குனி போய்ச் சித்திரையும் பிறந்துவிட்டது, உன்னிடமிருந்து பதிலே இல்லை. தொல்லை செய்து உன்னை ஒரேயடியாக இழந்துவிட்டேன் என்றே முடிவு செய்திருந்தேன். தபால்காரரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், பாவம் அவர்.

இன்று காலை வகுப்பில் கலைமதி எழுந்து நின்றாள். "மேடம், என் நோட்ல யாரோ எழுதியிருக்காங்க. விருந்தினர்னு பேர் காட்டுது. யாருங்க அது?"

சுவர்த்திரையில் திறக்கச் சொன்னேன். 'ரத்தக்குழாய்' கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. புதிய அம்புக்குறி மடிப்பிலிருந்து கொஞ்சம் விலகித்தான் விழுந்திருந்தது. பக்கத்தில், 'குழாய் இல்லை பாப்பா, மடிப்பு' என்று இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரி.

'தொப்பூர் வந்துடுச்சுடி வெண்மதி. கண்ணைத் திறந்துதான் வெச்சிருக்கேன்.'

வகுப்பைப் பார்த்து நிற்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். "என்னாச்சுங்க மேடம்?" என்றாள் கலைமதி. "எம் பெஞ்சுக்காரி வந்திருக்கா" என்றேன்.

அம்புக்குறியை நகர்த்தவில்லை. நீ போட்ட இடத்திலேயே இருக்கிறது.

திங்கட்கிழமை சிறுநீரகப் பாடம் எடுக்கிறேன். உங்கள் ஊரில் விடிந்திருக்க வேண்டும் என்று வகுப்பை மதியத்துக்கு மாற்றிவிட்டேன். மகனை டிவியைப் போடச் சொல். வந்து உட்கார்.

உன் பெஞ்சுக்காரி,
வெண்மதி