சங்குமுனையில் தொட்டில் ஆட்டாதீர்கள்

பதிவு 211 / 09.10
பேரமைதி உடன்பாட்டின் முப்பதாம் ஆண்டு விழா. இரண்டு வல்லரசுகளின் அதிகாரிகளும் எங்கள் சுற்றுப்பாதைக் கண்காணிப்பு நிலையத்துக்கு ஒரே கேக்கின் படத்தை அனுப்பினார்கள். கூரையை ஊடுருவும் வெப்பக் கேமராக்கள் சீராக இயங்குகின்றன. கீழே குடிநீர் ஆலைக்காக ஒரே கடலின் இரண்டு கரைகள் அடித்துக்கொள்கின்றன. அதைப் போர் என்று நான் எழுதக் கூடாது. வல்லரசுகள் மோதினால்தான் போர். 'உள்ளூர்ச் சம்பவம்' என்று எழுதினேன். என் ஊர் சங்குமுனை அந்தச் சம்பவத்துக்குள் இருக்கிறது. என் மகள் ஜோவிதாவுக்கு ஒன்பது மாதம்.

பதிவு 212 / 11.35
இலக்கறியும் நிரல் சங்குமுனையில் நாற்பது ரேடார்களைக் குறித்திருக்கிறது. மீனவர் தெருவில் ரேடாரா? பெரிதாக்கிப் பார்த்தேன். கூரைக்கடியில் ஒரு சூடான புள்ளி, இடமும் வலமும் சீராக ஆடுகிறது. வீட்டுக்கு வீடு. சிரிப்பு வந்தது. சேலைத் தொட்டில்.

இந்த நிரலை எழுதியவர்களின் பிள்ளைகள் கட்டிலில் தூங்கியிருக்கும். ஆடுகிற சூடு என்றால் அவர்களுக்கு ஆயுதம். இந்தக் குறிகளை ஒரு கரைக்கு ஒரு வல்லரசு விற்கிறது, மறு கரைக்கு மற்றது. ட்ரோன்களும் அவர்கள் விற்றவைதான்.

பதிவு 213 / 11.52
குறியை நீக்க இரண்டு அதிகாரிகளும் கையெழுத்திட வேண்டும். கேட்டேன். இருவரும் சேர்ந்தே பதில் அனுப்பினார்கள், ஒற்றுமையைப் பாருங்கள்:
"அங்கே போர் இல்லாததால் அவசரத் திருத்தத்துக்கு இடமில்லை. திங்கட்கிழமை கூட்டத்தில் பரிசீலிப்போம். விழா வாழ்த்துகள்."
வாழ்த்தைக் கொண்டுபோய்க் குப்பையில் போடுங்கள். இதுவும் பதிவில் இருக்கட்டும்.

பதிவு 214 / 12.04
விதியை மீறி வீட்டுக்கு அலைவரிசை திறந்தேன். கணவர் கில்பர்ட் எடுத்தார்.
"ஏட்டி அமலி, மெதுவாப் பேசு. ஒம்மவ இப்பத்தான் கண்ண மூடுதா. ஆட்டுறத நிறுத்துனா ஊரக் கூட்டிருவா."
"ஆட்டாதீங்க. அவுத்துட்டுப் பிள்ளையத் தரையில போடுங்க. மேல மெஷினு அத ரேடாருங்கு. கோயில் மைக்குல ஊரு பூராவுக்கும் சொல்லுங்க."
"தொட்டிலயா? கிறுக்குப்பயலுவளா அவனுவ? சரி, ஓடுதேன்."

பதிவு 215 / 12.21
நின்றுவிட்டன. ஒன்றன்பின் ஒன்றாக அல்ல, நாற்பதும் ஒரே மூச்சில். எல்லாப் பிள்ளைகளும் இப்போது வீறிட்டுக்கொண்டிருக்கும். கத்துங்கள் தங்கங்களே, நன்றாகக் கத்துங்கள். என் பால் வற்றி மாதங்களாயிற்று. ஆனாலும் மார்பு கனக்கிறது.

பதிவு 216 / 12.23
நிரலின் புதிய குறிப்பு, அப்படியே:
"நாற்பது ரேடார்களும் ஒரே நொடியில் நிறுத்தம். ஒருங்கிணைந்த ராணுவக் கட்டளை உறுதி. சங்குமுனை முழுவதும் இலக்கு. மறுகரை ட்ரோன்கள் புறப்பட்டன."
நான் சொன்னேன். நான்தான் நிறுத்தச் சொன்னேன்.

பதிவு 217 / 12.25
அதிகாரிகள், இரண்டு கையெழுத்தோடும்:
"அனுமதியற்ற தொடர்பு துண்டிக்கப்பட்டது. இனி உங்கள் பதிவில் உடன்பாட்டுக்குப் புறம்பான சொற்கள் தானாகத் திருத்தப்படும்."
இதற்கு மட்டும் திங்கட்கிழமை வேண்டியிருக்கவில்லை. ஓடுங்கள் என்று சொல்லக்கூட எனக்கு வழியில்லை.

பதிவு 218 /
தெற்குத் தெரு வெண்மையாகிவிட்டது. இந்தக் கேமராவில் தீ வெண்மை. கடலோரத்தில் எங்கள் வீடு. அங்கே மட்டும் ஒரு புள்ளி மறுபடி ஆடுகிறது. அழுகை பொறுக்காமல் கில்பர்ட் தொட்டிலைத் திரும்பக் கட்டி அவளைப் போட்டிருப்பார். ஆட்டுங்க. அவ தூங்கட்டும்.

வெண்மை.

இதைக் கண்டெடுப்பவரே, இங்கே நடந்தது உள்ளூர்ச் சம்பவம். நான் அடித்த சொல் அது இல்லை. இரண்டே எழுத்து. விட மாட்டேன். உள்ளூர்ச் சம்பவம். உள்ளூர்ச் சம்பவம். உள்ளூர்ச்