கம்பளிச் சுவரும் என் வாயும்

அக்டோபர் 12

இன்று என் வீடு வரலாற்றில் ஏறியது. அக்கா மகள் மீரிம் வந்து, "மாமா, உங்க வீடு வேணும்" என்றாள். அக்கா பிள்ளை வாய்விட்டுக் கேட்டால் தாய்மாமன் மறுப்பது எங்கள் கிர்கிஸ் குலத்தில் கிடையாது. குதிரையைக் கேட்டால் சேணத்தோடு தர வேண்டும். கொடுத்தேன். பிஷ்கெக் நகரமே அதிரும்படி கொடுத்தேன்.

விஷயம் இதுதான். வாங்க ஆளில்லாமல் ஆட்டுக்காரர்கள் எரித்துத் தள்ளும் கழிவுக் கம்பளியை அவள் அழுத்திப் பலகையாக்கியிருக்கிறாள். அதைச் சுவரில் அறைந்தால் கரி இல்லாமலே, ஒரு சின்ன மின்சார ஹீட்டரோடு, குளிர்காலத்தைத் தாண்டலாமாம். ஊரை மூடும் கரும்புகையும் குறையுமாம். ஏதோ ஆக்சிலரேட்டர் அவளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. முப்பது வருஷம் மினிபஸ் ஓட்டிய எனக்கு அது காலுக்குக் கீழே இருப்பது என்றுதான் தெரியும். இது புதுத் தொழில்களுக்குக் கைகொடுத்து ஓடவிடும் அமைப்பாம். என் வீடு தேறினால் அடுத்து முப்பது வீடுகள், ஒரு பட்டறை. தேறாவிட்டால் அவள் வெளியே.

"பதினாறு டிகிரி நின்னா போதும் மாமா, ஜெயிச்சிடுவேன். ஆனா கரி அடுப்பைத் தொடவே கூடாது."

"தொட்டா என் மீசை கருகட்டும்!"

நவம்பர் 9

சுவரில் ஒரு குட்டித் தெர்மாமீட்டர். அது காட்டும் எண் அவள் போனுக்குத் தானே போய்விடும். இன்று பதினெட்டு. பதினெட்டு! இந்த எசென் வீட்டிலா? கான்கள் பதினெட்டு டிகிரியிலா அரசாண்டார்கள்? கொதிக்கும் தேநீர்க் கெண்டியை அதன் கீழே வைத்தேன். இருபத்தாறு.

என் மனைவி சோனுன் பார்த்துக்கொண்டே நின்றாள். "உங்க வாய்தான் பெருசுன்னு நெனச்சேன். இப்ப கெண்டிக்கும் கத்துக்குடுக்குறீங்களா?"

நவம்பர் 23

இருபத்தொன்பது. மீரிம் போனில் கேட்டாள்: "மாமா, தெர்மாமீட்டர் சரியாத்தான் இருக்கா?"

"உன் பலகை அப்படிம்மா! நான் சட்டையில்லாம உக்காந்து வெசிறிக்கிட்டு இருக்கேன்!"

சிரித்தாள். கொஞ்சம் தாமதித்துத்தான் சிரித்தாள்.

டிசம்பர் 17

வெளியே துப்பினால் எச்சில் தரையைத் தொடுமுன் கல்லாகிறது. நாளை மறுநாள் ஆக்சிலரேட்டர்காரர்கள் பார்வையிட வருகிறார்கள். கெண்டி வைக்காமல் பார்த்தேன்: பதினேழு. விருந்தாளி கோட்டைக் கழற்றாமல் தேநீர் குடித்துவிட்டுப் போனால் என் ஏழு பாட்டன்மாரும் எழுந்து வந்து காறித் துப்புவார்கள்.

டிசம்பர் 19, மருத்துவமனை

எழுத வரவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

விடிந்ததும் கரி அடுப்பை மூட்டினேன். "வேணாங்க, அந்தப் பொண்ணு பாவம்" என்றாள் சோனுன். பத்து மணிக்கு, கூரைமேல் புகை தெரியக் கூடாதென்று, தணல் அணையும் முன்பே புகைக்குழாயின் தகட்டை இழுத்து மூடினேன்.

வந்தார்கள். கோட்டைக் கழற்றினார்கள். தலைவி குல்பாரா சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார். மீரிமின் முகம் — பிறந்ததிலிருந்து அவளை நான் அவ்வளவு மலர்ந்து பார்த்ததில்லை.

"தலை லேசா வலிக்குது" என்றார் குல்பாரா.

"எங்க வீட்டுச் சூடு அப்படிம்மா! பழகாதவங்களுக்குத் தாங்காது!"

எல்லோரும் சிரித்தார்கள். வழியனுப்பத் தெருமுனை வரை போனேன். அவர்கள் வண்டி போன பிறகும் அண்டை வீட்டாரிடம் ஒரு மணி நேரம் அளந்தேன். திரும்பியபோது சோனுன் அடுப்புப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தாள். கன்னம் இரண்டும் நல்ல சிவப்பு. அழகாக இருக்கிறாளே என்று நினைத்தேன். எழுப்பினேன்.

எழவில்லை.

டிசம்பர் 20

உயிர் இருக்கிறது. கண் திறக்கவில்லை.

"ரத்தத்துல புகை நச்சு ஏறியிருக்கு. வீட்டுல என்ன எரிஞ்சுது?" என்றார் டாக்டர். மீரிம் பக்கத்தில் நின்றாள்.

"சமையல் கேஸ் அடுப்பு மட்டுந்தான்."

என் வாய்தான். இதே வாய். கரி அடுப்புச் சாம்பலை நேற்றே வீட்டுக்கு ஓடிப்போய் அள்ளித் தெருக் குவியலில் கொட்டிவிட்டேன்.

டிசம்பர் 27

சோனுன் கண் திறந்தாள். கரண்டியைப் பிடிக்க அவளால் முடியவில்லை. அந்த நாள் அவள் நினைவிலேயே இல்லை.

கேஸ் அடுப்பின் நச்சு வெளியேறாதபடி பலகைகள் வீட்டை அடைத்துவிட்டன என்று முடிவாகிவிட்டது. தெருவில் "ஆளைக் கொல்ற சுவரு" என்கிறார்கள். ஆக்சிலரேட்டர் மீரிமை நிறுத்திவைத்திருக்கிறது. தினமும் சோனுனுக்கு சூப் கொண்டுவருகிறாள். "என்னை மன்னிச்சிடுங்க மாமா" என்கிறாள்.

என்னிடம்!

ஜனவரி 11

சொல்லிவிட்டேன். ஆக்சிலரேட்டர் அலுவலகத்தில், குல்பாரா முன்னால், மீரிமையும் உட்காரவைத்து. அடுப்பு, தகடு, சாம்பல், எல்லாம். ஒரு சொல் கூட்டவில்லை.

குல்பாரா பரிவாகப் பார்த்தார். "அக்கா மகளுக்காகப் பழியை ஏத்துக்கிறீங்க. புரியுதுண்ணே."

"தெர்மாமீட்டரைப் பாருங்கம்மா! அன்னிக்கு எகிறியிருக்கும்!"

கணினியைத் திருப்பிக் காட்டினார். நவம்பரில் இருபத்தாறு, இருபத்தொன்பது. ஒரு நாள் முப்பத்து மூன்று. "அப்பல்லாம் எந்த அடுப்பு எரிஞ்சுதுண்ணே?"

"அது... தேநீர்க் கெண்டி."

யாரோ சிரித்தார்கள். குல்பாரா சிரிக்கவில்லை. "எது நெசமோ தெரியல. ஆனா இந்தக் கணக்கை நம்பி முப்பது வீட்டுல குழந்தைகுட்டிகளைத் தூங்கவைக்க எனக்குத் தைரியம் இல்ல."

மீரிம் என்னைப் பார்க்கவே இல்லை.

பிப்ரவரி 2

மீரிம் வந்து பலகைகளைக் கழற்றிக்கொண்டு போனாள். எல்லை தாண்டி அல்மாட்டியில் யாருடைய தொழிற்சாலைக்கோ வேலைக்குப் போகிறாளாம், அக்கா சொன்னாள். சுவரெல்லாம் ஆணித் துளை. தெர்மாமீட்டரை மட்டும் விட்டுவிட்டாள்.

பிப்ரவரி 20

சோனுன் வீட்டுக்கு வந்துவிட்டாள். கரி அடுப்பைத் தொட எனக்குக் கை வரவில்லை. ஹீட்டரை அவள் காலருகே வைத்து, மூன்று மெத்தைப் போர்வை போர்த்தினேன்.

"எவ்ளோ காட்டுது?" என்றாள்.

"ஒன்பது."

"உங்க வாயில இவ்ளோ சின்ன எண்ணா?"

மதியம் போன் ஒலித்தது. மீரிமின் செய்தி:

"ஒன்பதுன்னு வருது மாமா. அத்தைக்குக் குளிரும், அடுப்பை மூட்டுங்க. தகட்டை மூடாதீங்க."

கடைசி வரியை நான்கு முறை படித்தேன். நானூறு இல்லை, நான்கு.

மூட்டினேன். பாதிச் சூடு வானத்துக்குப் போகிறது. தகடு திறந்தே இருக்கிறது.

பன்னிரண்டு.